காகிதம் நுழையாத கதவு

பால் மாடு வைத்துப் பிழைப்பது வீண் வேலை என்று என் மனைவிக்குப் புரியவைக்கப் பல வருஷம் ஆனது. கடைசி இரண்டு மாடுகளையும் வண்டியில் ஏற்றிய அன்று அவள் வாசலில் நின்று அழுதாள். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் ஓடு வேய்ந்து நின்ற மாட்டுக்கொட்டகைக்கு எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் கட்டுத்தரை என்றுதான் பேர். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஒரு ஆள் தச்சு வேலை செய்ய அது தாராளம்.

வில்லேஜ் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் எழுதிக் கொடுத்த அபேட்சை மனுக்களைப் படித்தே காலம் தள்ளியவன் நான். கையெழுத்தைப் பார்த்தே ஆளுக்கு எவ்வளவு மூளை என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அதிகம் இருக்காது. பென்ஷன் ஆனபிறகு இனிமேல் காகிதத்தைத் தொடுவதில்லை, கையால் மரத்தில் ஏதாவது செய்வது என்று தீர்மானம் செய்திருந்தேன். மரம் எதிர்த்துப் பேசாது என்றும் நினைத்திருந்தேன்.

பட்டறை போடப்போகிறேன் என்று வெளியே தெரிந்ததும் புத்தி சொல்லப் படை படையாக வந்தார்கள். முதலில் வந்தவன் மச்சான், என் மனைவியின் அண்ணன். கட்டுத்தரையில் காளான் போடலாம், அதற்குத்தான் இப்போது காலம் என்றான். அவன் இதற்குமுன் காடை வளர்த்தான், அதற்குமுன் முயல் வளர்த்தான். இப்போது அவன் வீட்டில் மிச்சமிருப்பது காலிக் கூண்டுகள் மட்டும். அந்தக் கூண்டுகளில் துணி காயப்போடுகிற மனிதன் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறான். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அடுத்து வந்தவர் பங்காளி முறையில் பெரியவர் ஒருவர். அவருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பது பிரச்சனை இல்லை; அதை நான் செய்வதுதான் பிரச்சனை. "நம்ம சனத்துல எவனாச்சும் உளி புடிச்சிருக்கானா? ஆசாரியக் கூப்புட்டா ரெண்டு நாளுல செஞ்சு குடுத்துட்டுப் போறான்" என்றார். இவர் தோட்டத்தில் களை எடுப்பது வடக்கிலிருந்து வந்த பையன்கள். தேங்காய் போடுவது வேறு ஆள், கள் இறக்குவது வேறு ஆள். இவர் உடம்பை வளைத்துச் செய்கிற ஒரே வேலை மீசையை முறுக்குவது. உழைக்கிற கையைக் கேவலமாகப் பார்க்கும் இந்த ஜம்பத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்துவிட்டேன். அவருக்காகவே அன்று சாயங்காலம் போய் நாலு உளி வாங்கி வந்தேன்.

மாட்டுக்காகப் போட்ட தரை தச்சு வேலைக்கு ஆகாது என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. மூத்திரம் ஓடுவதற்காகக் கட்டுத்தரையைச் சாய்வாகத்தான் போடுவார்கள். வேலை மேஜையைப் போட்டால் அதன்மேல் வைத்த எதுவும் நிற்காது. பென்சில், ஆணி, இழைப்புளியின் ஆப்பு, எல்லாம் உருண்டு வடிகாலில் போய்ச் சேர்ந்தன. தரையை இடித்துச் சமன் செய்வதுதான் முறை. நான் மேஜையின் கால்களை அறுத்தேன். கிழக்குக் கால்கள் இரண்டும் நெட்டை, மேற்குக் கால்கள் இரண்டும் குட்டை. மேஜை மட்டமாக நின்றது. அதில் எனக்கு அப்படியொரு பெருமை. ஒரு மாதம் கழித்து மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட நினைத்தபோதுதான் அதை இனி இம்மியும் நகர்த்த முடியாது என்று புரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் சரியாக விழுகிறது என்று சொல்லி, ஜன்னலை அடைத்து, கூரையில் நாலு கண்ணாடி ஓடு மாற்றினேன்.

தீவனம் போடுகிற காடியில் துண்டு மரங்களைப் போட்டு வைத்தேன். மாடு கட்டுகிற முளைகளில் ரம்பங்களைத் தொங்கவிட்டேன். மின்சார இழைப்பு மிஷின் ஒன்று வந்தது. அதைப் போட்டால் வீட்டுக்குள் மிக்சி நின்றுவிடும். மழை பெய்த நாட்களில் எத்தனை வருஷத்துச் சாணமோ தரையிலிருந்து மணக்கத் தொடங்கும், அதோடு மரத்தூளும் வார்னிஷும் சேர்ந்துகொள்ளும். "ஏனுங்க, மாடு நின்னப்பக்கூட இத்தன நாத்தம் இல்லீங்க" என்றாள் என் மனைவி. நான் செய்த முதல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு, சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ஸ்டூல் ஆடியது உண்மைதான். அது தரையின் குற்றம் என்றேன்.

இந்தக் காலத்தில் மரவேலை தெரியாதவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் போனில் பார்த்திருக்கிறார்கள். காலை நடைக்கு வருகிற ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தினமும் வேலி ஓரம் நின்று, ஜப்பானில் ஆணியே இல்லாமல் வீடு கட்டுவதை எனக்கு விளக்குவார். அவர் வீட்டுக் கேட்டுக்கு ஒரு கீல் இல்லை. கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். வேலியை ஒன்றரை அடி உயர்த்தினேன். அதற்கப்புறம் குரல் மட்டும் வந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஸ்டூல் ஆடுவது நின்றது. ஒரு பெஞ்சு செய்தேன், சாமி மாடம் செய்தேன், கை கொஞ்சம் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் ஒரே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. நடத்திவைத்தேன் என்று சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் கூடப் படித்த பையன். இடுக்கியில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம். கம்பத்திலிருந்து மலையேறிப் போன குடும்பம், நம் சனம் இல்லை. வேற்றுச் சனத்தில் கொடுத்தால் பெண் நன்றாக இருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போன மீசைப் பெரியவர் ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வகையில் அது நல்ல கல்யாணம்.

ஐப்பசியில் முதல்முறையாக மகளைப் பார்க்க மேலே போனேன். எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. தோட்டத்துக்கு நடுவில் பெரிய வீடுதான். ஆனால் ஒரு அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த அறைக்குள்ளும் போகிறார்கள், வருகிறார்கள். சம்பந்தியம்மாள் மருமகளின் பெட்டியைத் திறந்து அவள் துணியை மடித்து வைக்கிறாள். மாமனார் புகையிலைத் தூளோடு வந்து மகளும் மருமகனும் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்து ஏலக்காய் விலை பேசுகிறார். பிளைவுட்டில் ஆணியடித்த ஒரு அலமாரி, கதவு தொங்கிக்கொண்டு நின்றது. அந்த வீட்டிலேயே பூட்டு இருந்தது ஏலக்காய் மூட்டை அறைக்கு மட்டும். ஏலக்காய்க்குப் பூட்டு உண்டு, மருமகளுக்கு இல்லை என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மகள் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். வழியில், அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்கு மறுபடி படிக்கப் போவதாகச் சொன்னாள். அந்த வேலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. கல்யாணத்துக்கு முன்பே இரண்டு முறை எழுதி, இரண்டாவது முறை கொஞ்சத்தில் போயிற்று. இவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். சொல்லவே வேண்டாம் என்றேன். சொன்னால் தோட்டத்துக் கணக்கு எழுத உட்காரவைத்துவிடுவார்கள், புருஷனிடமும் மூச்சு விடாதே, தேறி ஆர்டர் கையில் வந்தபிறகு முகத்தில் அடித்தாற்போல் காட்டு என்றேன். அவள் தயங்கினாள். புத்தகத்தை எங்கே வைப்பேன் என்று கேட்டாள். நான் செய்து தருகிறேன் என்றேன்.

அலமாரி செய்தேன். என் மகளுக்கு அந்த வீட்டில் அவள் சாவியால் மட்டும் திறக்கிற ஒரு இடம் வேண்டும், அதற்குள்ளிருந்து அவளுக்கு ஒரு வேலை வர வேண்டும். பட்டறை போட்டதே இதற்குத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. எங்கள் கிணற்றோரம் நின்ற வேம்பு முந்தைய வருஷம் காற்றில் சாய்ந்தது. மில்லில் அறுத்துக் கொண்டுவந்து, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கி வைத்திருந்தேன். வேம்பென்றால் பூச்சி அண்டாது. அதுவும் எங்கள் ஊரில் காய்ந்த வேம்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழியில் அடிக்கிற காற்று உதட்டை வெடிக்கவைக்கும், ஈரத்துணியை அரை மணியில் அப்பளமாக்கும். அந்தக் காற்றில் ஒன்றரை வருஷம் காய்ந்த பலகை தட்டினால் கிணுகிணு என்றது.

இரட்டைக் கதவு. சட்டத்துக்கு வெளியே நிற்காமல் உள்ளே அடங்கி உட்காருகிற கதவு. முழுப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தேன், கண்ணாடியோ பிளைவுட்டோ கிடையாது. மார்கழி முழுக்க, தை முழுக்க வேலை. கீல் பதிக்க மட்டும் கை வரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து ஊர் ஆசாரியைக் கூப்பிட்டேன். என்னை ஒத்த வயது இருக்கும். கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார். எங்கே போகிறது என்று கேட்டார். உடும்பஞ்சோலை என்றேன்.

"அப்பிடின்னா ஒரு ரூவாக் காசு நொழையற அளவுக்கு எடம் உடுங்க சார். இங்க காஞ்ச மரம் அங்க போனாத் தண்ணி குடிக்குமுங்க" என்றார்.

நான் சிரித்தேன். இடைவெளி விடுகிறவன் ஏன் விடுகிறான்? ஒட்டச் செய்யக் கை வராதவன் விடுகிறான். பிறகு அதற்கொரு காரணம் சொல்கிறான். ஆபீஸில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சட்டம் பேசுவார்கள். ஆசாரியிடம் கீலை மட்டும் பதித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் பதித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் நான் கதவை இன்னும் இழைத்துப் பொருத்தினேன். சாத்திவிட்டு, இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. மேலே, கீழே, பக்கவாட்டில், எங்குமே நுழையவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மச்சானைப் போன் போட்டு வரவழைத்துக் காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வாத்தியாரைக்கூட உள்ளே விட்டேன்.

மாசிக் கடைசியில் டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனோம். மலையில் அப்போது வெயில் காலம், கதவு வெண்ணெய்போல் திறந்தது. சம்பந்தியம்மாள் கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள். சம்பந்தி, கடையில் கூட இப்படிக் கிடைக்காது என்று தோட்டத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கடைச் சாமானோடு ஒப்பிடுகிற ரசனையைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். சாவியை மட்டும் மகள் கையில் கொடுத்து, யாரிடமும் தராதே என்று மெதுவாகச் சொன்னேன். அவள் அதைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

ஆடியில் பரீட்சை. அன்று சாயங்காலம் மகள் போன் செய்து, காய்ச்சல், போக முடியவில்லை என்றாள். குரல் கம்மியிருந்தது. அடுத்த பரீட்சை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, இரண்டு வருஷமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. காய்ச்சலாவது ஒன்றாவது. மோப்பம் பிடித்துவிட்டார்கள், போகவிடாமல் செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்கு வேறு பேச்சே இல்லை. ஏலக்காய் மூட்டை தூக்கிகளுக்குப் படிப்பின் அருமை எப்படித் தெரியும் என்று மனைவியிடம் சொன்னேன். மச்சானிடம் சொன்னேன், வேலி ஓரத்திலும் சொன்னேன். மீசைப் பெரியவர் வீட்டுக்கு நானே நடந்து போய், நீங்கள் அப்போதே சொன்னீர்கள் என்றேன். அந்த வாக்கியத்தை அவரிடம் நான் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மகள் போன் செய்யும்போதெல்லாம் அவர்களைத் திட்டினேன். அப்படியெல்லாம் இல்லீங்கப்பா என்பாள், உடனே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். பயந்து கிடக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு நாள், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, வருகிறேன் என்று மட்டும் முந்தின நாள் மகளிடம் போனில் சொல்லிவிட்டு மேலே போனேன். மழை விடவில்லை. பஸ்ஸில் சீட்டே நனைந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்து நேராக மகள் அறைக்குப் போனேன். அலமாரிக்கு வலது கதவு இல்லை. இடது கதவின் ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்திருந்தது, சட்டத்தில் கடப்பாரை அழுத்திய பள்ளம். கதவு இருந்த இடத்தில் பழைய சேலைத் துணியில் ஒரு திரை. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குமுன், பின்னாலேயே வந்த சம்பந்தியம்மாள் மன்னிப்புக் கேட்டாள். இவ்வளவு அருமையாகச் செய்து கொடுத்ததை உடைக்க வேண்டியதாகிவிட்டது, வேறு வழி தெரியவில்லை என்றாள். பிறகு, நான் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, நடந்ததை எல்லாம் சொன்னாள்.

மழை பிடித்ததிலிருந்தே கதவு இறுகிக்கொண்டு வந்திருக்கிறது. மகள் தினமும் இழுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் புத்தகம் யார் கண்ணிலும் படாமலிருக்க உதைத்து மூடியிருக்கிறாள். பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் அப்படித்தான் மூடினாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கட்டப்பனையில் பரீட்சை. பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, புறப்பட்டு வந்து சாவியைத் திருப்பினாள். சாவி திரும்பியது, கதவு வரவில்லை. ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் உள்ளே. கைப்பிடி கழன்று கையோடு வந்தது. நகத்தை விட்டு நெம்பினாள். இரண்டு விரலில் நகம் பெயர்ந்தது.

"நான் அடுத்த ரூம்புலதான்ணே துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரமா ஒத்தையில மல்லுக்கட்டியிருக்கா. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பம்ல?" என்றாள் சம்பந்தியம்மாள்.

துணியை மடித்து வைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் சம்பந்தியம்மாள்தான் ரத்தத்தைப் பார்த்தாள். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து மகனையும் ஆட்களையும் கத்திக் கூப்பிட்டாள். கடப்பாரை வந்தது, இரண்டு நிமிஷத்தில் கதவு பெயர்ந்தது. புத்தகங்கள் எல்லோர் முன்னாலும் தரையில் விழுந்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அதற்கு நேரம் இல்லை. சம்பந்தி போட்டிருந்த லுங்கியோடு ஜீப்பை எடுத்தார். மூடுபனியில் விளக்குப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பத்து நிமிஷம் பிந்திவிட்டது. கேட்டைத் திறக்க மாட்டேன் என்றார்கள். அந்த மனிதர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் கெஞ்சியிருக்கிறார், ஏலக்காய் மூட்டை தூக்குகிற அந்த மனிதர்.

"படிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கதவத் தெறந்து போட்டே படிச்சிருக்கலாமேண்ணே" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மாள் இலை போடப் போனாள்.

கட்டிலில் உட்கார்ந்தேன். கதவு பொங்கி ஒட்டிக்கொண்டது என்பதுகூட எனக்கு அப்புறம்தான் வலித்தது. ஒரு மணி நேரம் ஒரு பெண் பக்கத்து அறையில் இருக்கிற மனுஷியைக் கூப்பிடாமல் நகம் பெயர்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கூப்பிடாதே என்று சொல்லி அனுப்பியவன் நான். அந்த வீட்டில் அவளுக்கு எதிரி என்று ஒருவரும் இருந்ததில்லை. ஒரு மாதமாக நான் ஊர் முழுக்க அவர்களைப் பற்றிப் பேசியதெல்லாம் என் காதுக்கே திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படியொரு வெட்கம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை; சொல்ல வந்தவர்களை நான் விடவும் இல்லை.

மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். பெயர்ந்த நகங்கள் கொஞ்சம்தான் முளைத்திருந்தன. கதவுதான் என்று அன்றைக்கே என்னிடம் ஏன் சொல்லவில்லை, காய்ச்சல் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவள் அலமாரித் திரையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்க யாரையாச்சும் வையாம ஒரு வாய் சோறு திங்க மாட்டீங்கப்பா" என்றாள். "இப்ப உங்களையே வையோணும்னா எப்படித் தாங்குவீங்கன்னு எனக்குத் தெரியலீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். வெளியே சம்பந்தி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மீன் பிடிக்கும் என்று மகளிடம் கேட்டு வைத்து, அந்த மழையில் நெடுங்கண்டம்வரை போய் வாங்கி வந்திருந்தார். சோறு இறங்கவில்லை.